ஊறுகாய் கவர்னர், நெய் செனட்டர்

நடந்து முடிந்த விஷயத்தைப் பற்றிச் சண்டை போடுவதில் சுகமே கிடையாது. யாராவது பழைய பேப்பரை எடுத்துக் காட்டினால் சண்டை முடிந்துவிடும். நடக்கவே நடக்காத ஒன்றைப் பற்றிச் சண்டை போட்டுப் பாருங்கள். ஆதாரம் வேண்டாம், அடிப்படை வேண்டாம், தொண்டையில் தெம்பு இருந்தால் போதும். எனக்கு அது ஏராளமாக இருந்தது. அந்தத் தெம்பை வைத்துக்கொண்டு ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமை மத்தியானம், என் கணவரின் உத்தியோகத்தையும் ஒரு பெரிய மனிதரின் கால்சட்டையையும் ஒரே நேரத்தில் ஒழித்துக்கட்டப் பார்த்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகி மான்ட்ரியல் வந்து எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். கார்ட்டியர்வில்லில் நாலாவது மாடியில் குடியிருந்தோம். என் கணவர் சேதுராமன், விமான உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர். காலையில் இருட்டோடு போவார், சாயங்காலம் இருட்டோடு வருவார். நடுவில் வெளிச்சமாக இருக்கிற நேரம் முழுக்க என்னுடையது. மூலையில் இருக்கும், தெபனேர் என்று அந்த ஊரில் சொல்லும் பெட்டிக்கடையில் பால் வாங்கி, "பொன்ஷூர்", "மெர்ஸி" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தத்தையும் அங்கேயே செலவழித்துவிட்டு வீடு திரும்பினால் மணி பத்தரை. அதற்குமேல் பேச்சுத்துணை ரேடியோ ஒன்றுதான்.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் அரசியல் படித்தவள். முதல் வகுப்பு. (இதை இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு தடவைதான் சொல்வேன். அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று மாத்திரை மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன்.) படித்த அரசியலை என்ன செய்வது என்று தெரியாமல் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நிகழ்ச்சி காதில் விழுந்தது. ஆங்கில ரேடியோ, காலை பதினோரு மணி. ஊரில் உள்ள யார் வேண்டுமானாலும் போன் செய்து அபிப்பிராயம் சொல்லலாம். திங்கள்கிழமை நகராட்சி, பனி அள்ளுகிற லாரி. புதன்கிழமை ஹாக்கி. செவ்வாய்க்கிழமை அமெரிக்கா.

அமெரிக்கா அங்கிருந்து ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரன் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டால் யார்தான் ஜன்னல் பக்கம் போகமாட்டார்கள்? அடுத்த ஜனாதிபதி தேர்தலுக்கு இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேலே இருந்தது. யாரும் நிற்கப் போவதாகச் சொல்லக்கூட இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைக்காரர்கள் ஒரு ஜோடியை முடிவு செய்துவிட்டார்கள். யானைச் சின்னக் கட்சியில் சோளம் விளையும் மாநிலத்து கவர்னர் ஒருவர். கழுதைச் சின்னக் கட்சியில் கடலோரத்து செனட்டர் ஒருவர். இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதினால் யார் ஜெயிப்பார்? (சம்பந்தப்பட்ட இருவரும் அந்த நேரம் வீட்டில் நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.)

முதல் தடவை டயலைச் சுற்றினேன். "லைனில் இருப்பது யார்?" என்று தொகுப்பாளர் கேட்டார். காந்திமதி என்று சொன்னால் எழுத்துக் கூட்டிக்கொண்டே நிகழ்ச்சி முடிந்துவிடும் என்று, "மிஸஸ் கே, கார்ட்டியர்வில்" என்றேன். அதற்கப்புறம் நான் பேசியது எனக்கே ஞாபகமில்லை. கவர்னர்தான் ஜெயிப்பார், ஏன் என்றால், என்று ஆரம்பித்துப் பதினோரு காரணம் சொன்னேனாம். போனை வைத்தபோது காது சுட்டது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, அடுப்பில் சாம்பார் அடிபிடித்திருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

உடனே போன் மணி அடித்தது. இரண்டாவது மாடி பாக்கியம் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், வீட்டுக்காரர் டாக்டர். அந்தக் கட்டடத்தில் எனக்குத் தமிழில் பேச இருந்த ஒரே ஆள்.

"மதி, இப்ப ரேடியோவில கதைச்சது நீர்தானே?"

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"நடுவில ஒருக்கா 'அட ராமா' எண்டு சொன்னீர். இந்த ஊரில வேற ஆர் சொல்லப்போயினம்?"

யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். யாரிடமும் என்றால் சேதுவிடம். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர்களையே சந்தேகமாகப் பார்ப்பவர். ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிறவளை எப்படிப் பார்ப்பாரோ.

இரண்டு மாதத்தில் நான் செவ்வாய்க்கிழமையின் பிரமுகர். தொகுப்பாளர், "நம் வேல்ஸ் நாட்டுப் பெண்மணி வந்துவிட்டார்" என்று வரவேற்பார். என் ஆங்கிலம் ஏறி இறங்கிப் பாடுகிற மாதிரி இருக்கிறதாம், வேல்ஸ் நாட்டுக்காரர்கள்தான் அப்படிப் பேசுவார்களாம். நானும் திருத்தவில்லை. (வேல்ஸ் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு சாயங்காலம்தான் அட்லஸில் பார்த்தேன்.)

பிரமுகர் என்றால் எதிரி வேண்டுமே. எனக்கும் ஒருவர் வாய்த்தார். "வால்டர், லஷீன்." லஷீன் மான்ட்ரியலை ஒட்டிய ஒரு பேட்டை. செனட்டர் பக்கத்து ஆள். கட்டைக் குரல். எதையும் சொல்வதற்கு முன் 'ஹ்ரும்' என்று ஒரு செருமல், பிறகு "முழு மரியாதையோடு சொல்கிறேன்" என்று ஒரு முன்னுரை, அதன் பிறகு மரியாதையே இல்லாத ஒரு வாக்கியம். "ஹ்ரும். முழு மரியாதையோடு சொல்கிறேன், மிஸஸ் கே ஒஹாயோ மாநிலத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை." உண்மைதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ரொம்பவும் சீண்டிவிட்டார். ஆங்கிலத்தில் சட்டென்று பதில் வரவில்லை. தமிழில் வந்ததை அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன். "எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை."

அப்புறம் தொகுப்பாளர் சிரித்தார் பாருங்கள், மூச்சு வாங்கச் சிரித்தார். செனட்டர் கட்சியின் சின்னமே கழுதை. நான் வால்டரைச் சொன்னேன். ஊர், கட்சியையும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. இப்படி ஒரு கூர்மையான அரசியல் கிண்டலைத் தான் கேட்டதே இல்லை என்றார் தொகுப்பாளர். சின்னம் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை என்று நான் சொல்வேனா? அடக்கமாக, "நன்றி" என்றேன். அந்த வாரம் முழுக்க, ஹாக்கி பேச வந்தவர்கள்கூட வால்டரின் பெயரைச் சொல்லிக் கற்பூரம் விசாரித்துவிட்டுத்தான் ஹாக்கிக்குப் போனார்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமைதான் சேது ஒரு செய்தியோடு வந்தார். அவருடைய ஒப்பந்தம் அந்தக் குளிர்காலத்தோடு முடிகிறது. நிரந்தரம் செய்வதா, ஊருக்கு அனுப்புவதா என்று முடிவு செய்பவர் தலைமை என்ஜினியர் மிஸ்டர் பிளேக். அவரும் மனைவியும் சனிக்கிழமை மத்தியானம் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள்.

"உன் இங்கிலீஷைப் பத்தி ரொம்ப சொல்லி வச்சிருக்கேன், மதி. அவர் மனைவிக்கு நீ நல்ல பேச்சுத்துணையா இருப்பேன்னு. ஆனா ஒண்ணு. அரசியல் வேண்டாம். கடவுள் வேண்டாம். மாமியாரைப் பத்திப் பேசு, அது எல்லா நாட்டுக்கும் பொது."

"நான் என்னிக்குங்க அரசியல் பேசினேன்?" என்றேன். (நாக்கு கூசவில்லை.)

சனிக்கிழமை பாக்கியம் அக்கா காலையிலேயே உதவிக்கு வந்துவிட்டார். வடை, சாம்பார், ரசம், உருளைக்கிழங்குக் கறி, அப்பளம், பாயசம். சாப்பாட்டு மேஜை நடுவில் ஊரிலிருந்து அம்மா அனுப்பிய மாங்காய் ஊறுகாய், எண்ணெய் மிதக்க ஒரு அகல பாட்டிலில். பக்கத்தில் நெய்க் கிண்ணம். நான் பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, "வெல்கம் டு அவர் ஹோம்" என்பதை வேல்ஸ் ராகம் வராமல் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வாசலில் சிவந்த முகத்தோடு ஆறடி உயரத்தில் ஒருவர், வெளிர் சாம்பல் நிற சூட் தெரிய ஓவர்கோட்டைக் கழற்றிக்கொண்டே என் தலைக்கு மேலாகச் சேதுவைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"ஹ்ரும். முழு மரியாதையோடு சொல்கிறேன், சேது, உங்கள் லிஃப்ட் ஒரு சவப்பெட்டி."

'வெல்கம்' என்பதற்குத் திறந்த என் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர் லஷீனும் இல்லை, மண்ணும் இல்லை. சேது சொல்லியிருந்தபடி வீடு டொலார்டில், ஆபீஸ் சேதுவின் ஆபீஸ். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லி ரேடியோவுக்குப் பேசுகிறார். நான்கு நாள் முன்னால் நான் ஊர் அறியக் கழுதை என்று சொன்னது, என் புருஷனின் வேலையைக் கையில் வைத்திருக்கும் மனிதரை. என் குரலை ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும்.

கையால் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினேன். கும்பிட்டேன்.

"என்ன மதி, என்னாச்சு? முள்ளு ஏதாவது சிக்கிடுச்சா?" என்றார் சேது. (நாங்கள் சுத்த சைவம். பதற்றத்தில் அது அவருக்கு மறந்துவிட்டது.)

சமையலறையிலிருந்து வடைத் தட்டோடு வந்துகொண்டிருந்த பாக்கியம் அக்காவின் காதிலும் அந்தச் செருமல் விழுந்திருக்கிறது. அவரும் செவ்வாய்க்கிழமைக்காரர்தானே. தட்டை மேஜையில் வைத்துவிட்டு நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்: "பாவம், அவவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. என் கணவர் டாக்டர். மூன்று நாளைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்."

மிஸஸ் பிளேக் உருகிப்போனார். தேன், எலுமிச்சை, வெந்நீர் என்று வைத்தியம் சொன்னார். நான் நன்றியோடு தலையசைத்தேன். சேது என் கையைப் பிடித்து மெதுவாகச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"காலையில குழாய் ரிப்பேர்காரனோட அப்படிச் சண்டை போட்டியே. இப்ப எங்கேர்ந்து தொண்டை கட்டும்?"

"என்னங்க, ரேடியோல மிஸஸ் கே, மிஸஸ் கேன்னு ஒருத்தி பேசுவா."

"எனக்கு ரேடியோ கேட்க ஏது நேரம்?"

"அது நான்தான். உங்க பிளேக் இருக்காரே, அவர் வால்டர். நான் அவரைக் கழுதைன்னு சொல்லிட்டேன்."

சேது ரசப் பாத்திரத்தின் மூடியை எடுத்து மறுபடியும் மூடினார். "அதான் புதன்கிழமை என் மேஜைக்கு வந்து, கற்பூரம்னா என்னன்னு கேட்டாரா," என்றார். "துணியில பூச்சி வராம இருக்க வைக்கிறதுன்னு சொன்னேன். யோசிச்சுக்கிட்டே போனார்." பிறகு என் தோளைத் தொட்டு, "மதி, ஒரே ஒரு மணி நேரம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே," என்றார். அவர் கை ஜில்லென்று இருந்தது. ஊருக்குத் திரும்புவதை நினைத்துப் பார்த்தேன். திரும்பினால் சேதுவுக்கு மறுபடியும் வேலை தேடும் படலம், எனக்கு ஒரு வீடு நிறைய நாத்தனார்கள். அந்த வீட்டில் செவ்வாய்க்கிழமையே கிடையாது.

முதல் அரைமணி அபாரமாகப் போனது. பரிமாறுவது நான், பேசுவது அக்கா. மிஸ்டர் பிளேக் வடையை நான்கு சாப்பிட்டார். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். மௌனம் எனக்கு அழகாகத்தான் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் மிஸஸ் பிளேக், ரொம்ப நல்ல மனுஷி, சாதாரணமாகச் சொன்னார்:

"சேது, உங்கள் கார்ட்டியர்வில்லில்தான் என் கணவரின் காதலி இருக்கிறாள்."

"எதிரி," என்று திருத்தினார் பிளேக். முகம் இன்னும் சிவந்தது. "நான் எப்போதாவது ரேடியோ கேட்பேன். அதில் ஒரு பெண்மணி."

"எப்போதாவது கேட்பாராம். செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை என்றால் இவர் ராத்திரி சாப்பிடமாட்டார். வேல்ஸ்காரி, மிஸஸ் கே என்று பெயர். உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் இப்படிக் கேள்வி கேட்கக்கூடாது. சேதுவுக்குப் புரை ஏறியது. அக்கா எழுந்து வந்து அவர் முதுகில் தட்டிக்கொண்டே, "இங்கே வேல்ஸ் ஆட்கள் ஒருத்தரும் இல்லை," என்றார். அது முழு உண்மை.

அதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பிளேக்கால் விட முடியவில்லை. அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும், எனக்கும் அதே வியாதிதான். "அவள் சொல்வது எவ்வளவு அபத்தம் என்று காட்டுகிறேன், பாருங்கள்," என்று தட்டை ஒதுக்கினார். மேஜை நடுவில் இருந்த ஊறுகாய் பாட்டிலை இழுத்து வைத்தார். "இது கவர்னர்." நெய்க் கிண்ணத்தை எதிரே வைத்தார். "இது செனட்டர்." மிச்சமிருந்த வடை ஒஹாயோ. இருப்பதிலேயே பெரிய அப்பளம் டெக்சாஸ். உருளைக்கிழங்குத் துண்டுகள் கிழக்குக் கரை மாநிலங்கள். தனக்கு முன்னால் மேஜையில் அமெரிக்காவையே பரப்பிவிட்டார். அப்புறம் கிண்ணத்தை நகர்த்தி நகர்த்தி செனட்டரை ஜெயிக்க வைத்தார்.

நான் பாயசக் கரண்டியோடு அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒஹாயோவைத் தப்பாகச் சொன்னார். பொறுத்துக்கொண்டேன். விவசாயிகள் செனட்டருக்குத்தான் போடுவார்கள் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன். என்னை அவர் முட்டாள் என்றார், அதையும் பொறுத்துக்கொண்டேன். புருஷனின் வேலை. அதற்குப் பிறகு அவர் அப்பளத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு சொன்னார்:

"இந்த மிஸஸ் கே என்ன சொன்னாள் தெரியுமா? தெற்கு மாநிலம் அத்தனையும் கவர்னருக்குத்தானாம். டெக்சாஸ் உள்பட."

திட்டினால் தாங்கலாம். நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னால் எப்படித் தாங்குவது? (முதல் வகுப்பு. சரி, இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.)

"நான் டெக்சாஸ் நீங்கலாக என்றுதான் சொன்னேன்," என்றேன். நல்ல கணீர்க் குரல். வேல்ஸ் ராகம் கொஞ்சமும் குறையவில்லை.

பிளேக்கின் கையில் டெக்சாஸ் இரண்டாக உடைந்தது.

பாக்கியம் அக்கா மிஸஸ் பிளேக்கின் பக்கம் திரும்பி, "மருந்து வேலை செய்யுது," என்றார்.

பிளேக் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பட்டுப்புடவை, மூக்குத்தி, பாயசக் கரண்டி எல்லாவற்றையும் பார்த்தார். "மிஸஸ் கே," என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

"லஷீன் வால்டர்," என்றேன் நான்.

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள பெண் மன்னிப்புக் கேட்டிருப்பாள். எனக்கும் கேட்கவேண்டும் என்றுதான் எண்ணம். ஆனால் இரண்டு மாதமாகக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் இப்போது கை எட்டும் தூரத்தில், தப்பான இடத்தில் வைத்த ஒஹாயோவோடு உட்கார்ந்திருக்கிறார். விட மனசு வருமா? "ஒஹாயோவை முதலில் இங்கே வையுங்கள்," என்று வடையை நகர்த்தினேன். அவர் திரும்ப எடுத்து வைத்தார். நான் விவசாயிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் தொழிற்சங்கங்களைப் பற்றிச் சொன்னார். "முழு மரியாதையோடு," என்று அவர் ஆரம்பிக்க, "மரியாதை இருக்கட்டும், பதிலைச் சொல்லுங்கள்," என்றேன். நாற்காலியை விட்டு அவர் எழுந்தார். நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். மிஸஸ் பிளேக் கையைத் தட்டினார். ரேடியோவில் இந்த வேகம் வராது. அங்கே இரண்டு நிமிஷத்தில் விளம்பரம் வந்துவிடும். இங்கே தடுக்க ஆளில்லை. என் வாழ்க்கையிலேயே அதுதான் மிகச் சிறந்த பத்து நிமிஷம் என்று சொன்னால் என் பிள்ளைகள் வருத்தப்படுவார்கள், ஆனால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. சேது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரார்த்தனை செய்கிறாரா, பெட்டி கட்டக் கணக்குப் போடுகிறாரா என்று தெரியவில்லை.

"கடைசி வாரத்தில் கவர்னர் இப்படி வருவார் பாருங்கள்," என்று நான் ஊறுகாய் பாட்டிலைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினேன்.

கவர்னர் வந்தார். ஒஹாயோவைத் தாண்டினார், கிழக்குக் கரையைத் தாண்டினார், மேஜை விளிம்பில் ஒரு தடவை தயங்கிவிட்டு, மிஸ்டர் பிளேக்கின் வெளிர் சாம்பல் கால்சட்டை மேல் தலைகுப்புறக் கவிழ்ந்தார். எண்ணெய், மிளகாய்ப் பொடி, மாங்காய், ஒரு வருஷமாக ஊறிய அத்தனையும்.

கத்தியது நான்தான். அவர் கத்தவில்லை. கீழே குனிந்து பார்த்தார். "ஹ்ரும்," என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் அவர் செருமியது அதுதான் முதல் தடவை.

சேது கண்ணைத் திறந்தார். பிளேக்கைப் படுக்கையறைக்குள் அழைத்துக்கொண்டு போனார். மிளகாய் எரிச்சலில் அவர் நடந்த நடையை இப்போது விவரிக்கமாட்டேன். பிரச்சினை என்னவென்றால் சேது கம்பி மாதிரி இருப்பார். அவருடைய கால்சட்டை எதுவும் பிளேக்குக்கு முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் முணுமுணுப்புக் கேட்டது. "இன்னொரு சுற்று சுற்றணும், சார். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குங்க." கதவு திறந்தது. மேலே சட்டை, டை, சாம்பல் கோட். கீழே எங்கள் கல்யாணத்தில் சேது கட்டிய பட்டுக்கரை எட்டு முழ வேட்டி, அதன்மேல் பெல்ட். அதற்கும் கீழே பனி பூட்ஸ்.

மிஸஸ் பிளேக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிளேக் ஒருவரையும் பார்க்காமல் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அந்தச் சவப்பெட்டி லிஃப்டுக்குள் போனார். கார் வரைக்கும் சேது கூடப் போனார். கீழே கட்டடக் காவலாளி வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தாராம். கோட்டுக்குக் கீழே வெள்ளையாகத் தொங்கிய துணியைப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டு, "பொன்ஷூர், மதாம்," என்றாராம்.

மேலே நான் அழுதுகொண்டே தரையைத் துடைத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மாங்காய்த் துண்டுகளைப் பொறுக்கினார்.

"அழாதையும் மதி. வேலை போனாப் பேந்து பாப்பம். ஆனா டெக்சாஸ் விஷயத்தில நீர் சொன்னதுதான் சரி. நானும் கேட்டனான்."

சேது திரும்பி வந்தார். மன்னித்துவிடுங்கள் என்றேன். "இனிமே அந்த ரேடியோவுக்குப் பேசமாட்டேன்னு சொல்லு, போதும்," என்றார். சத்தியம் செய்தேன். அந்தக் கால்சட்டையை ராத்திரி முழுக்க ஊறவைத்துத் துவைத்தேன். சாம்பல் நிறம் போய்விட்டது, மஞ்சள் போகவில்லை. திங்கள்கிழமை சேது அதை ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பிளேக் பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாராம். சாயங்காலம் வரைக்கும் திறக்கவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. கேட்கமாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லையே. ரேடியோவைப் போட்டேன்.

"லஷீனிலிருந்து வால்டர்," என்றார் தொகுப்பாளர்.

"ஹ்ரும். இன்று ஒரு திருத்தம் சொல்ல வந்திருக்கிறேன். மிஸஸ் கே வேல்ஸ் நாட்டுக்காரர் அல்ல. அவரை நான் நேரில் சந்தித்தேன். டெக்சாஸைப் பற்றி அவர் சொல்லாததைச் சொன்னதாக நான் சொல்லிவிட்டேன், அதற்கு வருந்துகிறேன். முழு மரியாதையோடு சொல்கிறேன், மற்ற நாற்பத்தொன்பது மாநிலங்களைப் பற்றியும் அவர் சொல்வது தப்பு."

"மிஸஸ் கே, கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?" என்றார் தொகுப்பாளர். "லைன் உங்களுக்காகக் காத்திருக்கிறது."

என் கை தானாகப் போன் பக்கம் போனது. புடவைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது போன் மணி அடித்தது. சேது. ஆபீஸிலிருந்து, ரகசியக் குரலில்.

"மதி, ரேடியோ போட்டிருக்கியா?"

"கேட்கத்தான் செய்யறேன். பேசலைங்க. சத்தியமா."

"பேசு. அவர் கதவைத் திறந்து தலையை நீட்டி, 'உன் மனைவி எங்கே, ஏன் இன்னும் கூப்பிடலை'ன்னு கேக்கறார். கையில போன். டிபார்ட்மென்ட் முழுக்க என்னைப் பாக்குது. நீ இப்ப பேசலைன்னாதான் என் வேலை போகும் போலிருக்கு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் வைத்துவிட்டு டயலைச் சுற்றினேன். அன்றைக்கு ஒஹாயோவை மட்டும் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினோம். பனி லாரிக்காரர்களும் ஹாக்கிக்காரர்களும் போன் செய்து, விளம்பரத்தை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார்கள்.

மார்ச் மாதம் சேதுவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. தன் திறமைக்குக் கிடைத்தது என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார். பதினோரு மணிக்குக் கதவுக்குப் பின்னால் நடப்பது தெரிந்த ஒருவரை யாராவது வெளியே அனுப்புவார்களா என்று நான் கேட்பேன். ஐம்பது வருஷமாக இந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

அந்தத் தேர்தலும் வந்தது. சோள கவர்னர் நிற்கவே இல்லை. கடலோர செனட்டர், தனக்கு அப்படி ஒரு எண்ணம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று அறிக்கை விட்டார். வேறு யாரோ இரண்டு பேர் மோதினார்கள், ஒருவர் ஜெயித்தார். எங்கள் அமெரிக்காவில் நடந்த எதுவும் அவர்கள் அமெரிக்காவுக்குத் தெரியவில்லை. முடிவு வந்த அன்று பிளேக் வீட்டுக்குப் போன் செய்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் துக்கமாக இருந்தோம். பிறகு அவர் செருமினார். "சரி, மிஸஸ் கே. அதற்கு அடுத்த தேர்தலில் யார் யார் நிற்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?"

வேட்டி திரும்பி வரவே இல்லை. கோடையில் டொலார்டில் தன் வீட்டுத் தோட்டத்தில் அதைக் கட்டிக்கொண்டுதான் அவர் புல் வெட்டினார் என்று மிஸஸ் பிளேக் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சில் அது நிலைத்துவிட்டது. நடக்காத ஒன்றை யாராவது அடித்துப் பேசினால், ஹாக்கிக் கோப்பை யாருக்கு, மகளுக்கு யார் மாப்பிள்ளை, எதுவானாலும் சரி, இன்னொருவர் சொல்லவேண்டியது ஒரே வார்த்தை: "வேட்டி." என் பிள்ளைகள் தமிழைப் பாதி மறந்து பிரெஞ்சில் வாழ்கிறார்கள், அந்த வார்த்தையை மட்டும் பேரப்பிள்ளைகள் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

போன வாரம்கூட, சாப்பாட்டு மேஜையில் மருமகனிடம் அடுத்த அமெரிக்கத் தேர்தலில் யாரோடு யார் மோதப் போகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குப் புரியவேண்டுமே என்று உப்பு ஜாடியை இந்தப் பக்கம், தயிர்க் கிண்ணத்தை அந்தப் பக்கம் வைத்தேன். எண்பதைத் தாண்டிவிட்ட சேது மருமகனின் கால்சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.